இரண்டு புள்ளிப் படகு

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆதிரை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். என் கை கிடந்த இடத்தில் ஒரு பழைய சேலையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் ஏமாறுவாளோ தெரியாது.

இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருசமாகப் போகிறது. இன்றைக்குத்தான் அந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். கிணற்றடியில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண் ஆதிரையின் கன்னத்தைத் தொட்டு, "என்ன குடி, புள்ள?" என்றாள். பெயர் கேட்கவில்லை. எத்தனை மாதம் என்று கேட்கவில்லை.

"சசிகரன்ட மகள்" என்றேன்.

"அது தெரியும். சசி செம்பகநாச்சி குடி. அது அவன்ட தாய்ட குடி. நான் கேக்கிறது இந்தப் புள்ளைட குடி. அப்பிடியெண்டா உன்ட குடி."

இந்தக் கண்டல்முனையில் குடி என்கிற வம்சப் பெயர் தாய் வழியாக வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. அப்பன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இந்த ஒன்றை அவனால் கொடுக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் இதைச் சமூகவியல் பாடமாகப் படித்தேன். பரீட்சையில் பெரிய கேள்வியாக வந்தது. படம் கீறி, அம்புக்குறி போட்டு எழுதினேன், நல்ல மார்க். தாய் யாரென்று தெரியாதவளின் பிள்ளைக்கு அம்புக்குறி எங்கிருந்து தொடங்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மாமிதான், சசியின் தாய், பதில் சொன்னா. "உன்ட வாளி நிறைஞ்சு வழியுது, அதைப் பாரு முதல்ல."

அந்தப் பெண் போய்விட்டாள்.

சுனாமிக்குப் பிறகு நான் ஒரு பாடசாலை மண்டபத்தில் கிடைத்த பிள்ளை. நாலு வயது இருக்கலாம் என்று என்னை வளர்த்த இல்லத்துச் சிஸ்டர் சொல்லுவா. கமலினி என்ற பெயரும் அவ வைத்ததுதான். என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு படம். யார் என் கையில் சோக்கட்டி கொடுத்தாலும் அதையே கீறுவேனாம். மேல்நோக்கி வளைந்த ஒரு கோடு, அதற்குள் இரண்டு புள்ளி, வலப்பக்கம் சரிவாக ஒரு சின்னக் கோடு. "படகு. நீயும் அம்மாவும் இருக்கிறீங்க. இது துடுப்பு" என்று சிஸ்டர் சொன்னா. அப்படித்தான் இருபது வருசமாக எனக்கு ஒரு அம்மா இருக்கிறா, ஒரு புள்ளியாக.

வழக்கம்போல இந்தப் பக்கத்தின் அடியிலும் கீறிவிட்டுத்தான் படுப்பேன்.

மே 1, வியாழன்

தனுஷியாவின் கல்யாணம் ஆவணியில் என்று முடிவாகிவிட்டது. சசியின் தங்கை, எனக்கு மச்சாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது அவளுடையதுதான்.

இந்த வீடும் அவளுடையது. மாமிக்கு மாமியின் தாய் கொடுத்தது, இனி தனுஷியாவுக்கு. மாப்பிள்ளை இங்கே வந்து இருப்பான். மாமி பின் வளவில் ஒரு சின்னக் கொட்டில் போட்டு ஒதுங்கிவிடுவா. ஊர் முழுக்க இப்படித்தான். மருமகள் மாமியாரோடு ஒரு கூரைக்குக் கீழே இருக்கிற வழக்கமே இங்கே இல்லை. மாமி, மருமகள் சண்டை என்று தொலைக்காட்சி நாடகத்தில் வந்தால் இவர்கள் வேற்று நாட்டுக் கதை மாதிரிப் பார்க்கிறார்கள்.

பெண்ணென்றால் தாய் வீடு இருக்கும், புருசன் அங்கே வருவான். எனக்குத்தான் அந்த வீடு இல்லை. அதனால் சசி என்னை இங்கே விட்டுவிட்டுக் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போனார்.

ஆவணிக்குப் பிறகு நானும் பிள்ளையும் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சசியிடம் மட்டும் போனில் கேட்டேன். "அம்மா பாத்துக்கொள்ளுவா, கமலி" என்றார். பிறகு லைன் வெட்டுப்பட்டது.

மே 8, வியாழன்

தடுப்பூசி போட்டு வந்ததிலிருந்து ஆதிரைக்குக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுத் தொட்டு என் கையே சூடாகிவிட்டது, எது யாருடைய சூடென்று தெரியவில்லை. மாமி வந்து கொத்தமல்லி அவித்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தா. "எல்லாப் புள்ளைக்கும் காயும். நீ ஏன் நடுங்கிற?" என்றா.

நடுங்காமல் இருக்க யார் எனக்குச் சொல்லித் தந்தது?

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. ஆதிரையின் முதல் கோயில். வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கத் தொடங்கியிருக்கிறேன்.

மே 14, புதன்

காய்ச்சல் விட்டு நாளாகிவிட்டது. இன்று சட்டை முடிந்தது. நெஞ்சுப் பக்கத்தில் சிவப்பு நூலால் என் படகைத் தைத்தேன். குடி கேட்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது அதுதான் என்று ஒரு வீறாப்பு.

முற்றத்தில் இருந்த மாமியிடம் காட்டினேன். மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நிமிர்ந்து பார்த்தா. கை நின்றுவிட்டது.

"இதை ஆர் உனக்குக் காட்டித் தந்தது?"

"ஒருத்தரும் இல்ல மாமி. சின்னப் புள்ளையில இருந்து கீறுறன். படகு."

"தனுஷியா கீறித் தந்தாளா?"

"இல்லை. அவ இன்னும் பாக்கவே இல்லை."

மாமி என் முகத்தைப் பார்த்தா. கல்யாணமாகி வந்த அன்று கூட இப்படி ஒவ்வொரு இடமாக, கண், மூக்கு, காது என்று பார்க்கவில்லை. பிறகு கை கழுவாமலே எழுந்து உள்ளே போனா. பூனை ஒரு மீனைக் கொண்டுபோய்விட்டது. நான் துரத்தவில்லை.

தையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது. வெள்ளையில் சிவப்புக் கூடாதோ என்னவோ. நாளைக்குக் கேட்கவேண்டும்.

மே 15, வியாழன்

சட்டையைக் காணவில்லை.

மே 16, வெள்ளி

சட்டை கொடியில் காய்கிறது. நூல் இல்லை. ஒவ்வொரு தையலாக, துணி கிழியாமல், அத்தனை பொறுமையாகப் பிரித்திருக்கிறா. மாமிக்கு வெள்ளெழுத்து. ஊசியில் நூல் கோக்கவே என்னைத்தான் கூப்பிடுவா.

"நூல் சாயம் போகும், மகள். அதுதான்" என்றா.

மகள் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

மே 19, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பின்னேரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வயல் பக்கம் போனேன். தனுஷியாவும் வந்தாள். அறுவடை முடிந்த வயலில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆதிரை கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். ஒரு கிழட்டுப் பசு வரம்பில் ஏறி எங்கள் கிட்ட வந்தது. அதன் பின்தொடையில் குறி சுட்ட தழும்பு.

வளைந்த கோடு. இரண்டு புள்ளி. வலப்பக்கம் சரிவாக ஒரு சின்னக் கோடு.

"இது ஆற்ற மாடு?" என்று கேட்டேன்.

"எங்கட குடி மாடு, மச்சாள். மாமாட பட்டி" என்றாள். அவளுடைய தாய்மாமனின் மாட்டு மந்தை. "பாருங்க, கொம்பு, ரெண்டு கண், இது வால். செம்பகநாச்சிக் குறி. எங்கட குடி ஆம்புளையள் எந்த ஊருல பட்டி வைச்சாலும் இந்தக் குறிதான் சுடுவாங்க. மாடு களவு போனாலும் தேடிப் புடிக்கலாம்."

"வேற குடி ஆக்கள் இதைப் போடமாட்டாங்களா?"

"போட்டா வெட்டுக்குத்துத்தான்" என்று சிரித்தாள்.

நான் கையை நீட்டித் தழும்பைத் தொட்டேன். மயிர் முளைக்காத தோல், இளஞ்சூடு, உள்ளே மூச்சு ஏறி இறங்குகிறது. விரல் தானாகவே இடமிருந்து வலம் போனது. பிறகு புள்ளி, பிறகு புள்ளி. காகிதத்தில் கீறும்போதெல்லாம் என் விரல் நுனிக்கு ஏன் ஒரு சூடு நினைவு வரும் என்று இல்லத்தில் இருந்த காலத்திலேயே யோசித்திருக்கிறேன்.

உலகத்தில் ஒரே மாதிரிக் கோடுகள் நிறைய இருக்கும். ஒரு வளைவும் இரண்டு புள்ளியும் யாரும் கீறக்கூடியதுதானே.

மே 20, செவ்வாய்

தேங்காய் துருவும்போது சும்மா கேட்கிற மாதிரித் தனுஷியாவிடம் கேட்டேன். ஒரே குடிக்குள் கலியாணம் முடித்தால் என்ன?

"ஐயோ, சீ! அண்ணனும் தங்கச்சியும் முடிச்ச மாதிரி. அதுகள்ர புள்ளைக்கு ஊருல ஒருத்தன் பொண்ணு குடுப்பானா? அந்த வீட்டுப் பொட்டைக்குத்தான் மாப்பிள்ளை வருமா?" என்றாள். பிறகு, "ஏன் மச்சாள், ஆரும் ஓடிட்டாங்களா?" என்று ஆவலாகக் கேட்டாள்.

கை துருவலையில் பட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை.

மே 22, வியாழன்

சசி வீடியோவில் வந்தார். பிள்ளையைக் காட்டினேன். என் முகத்தைக் காட்டச் சொன்னார். வெளிச்சம் போதாது என்றேன். அவருடைய மூக்கும் தனுஷியாவின் மூக்கும் ஒரே மாதிரி. என்னுடையதைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எந்த மூக்கும் எந்த மூக்கைப் போலவும் இருக்கிறது.

மே 23, வெள்ளி

தனுஷியா தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். மாமி நெல் புடைத்துக்கொண்டிருந்தா. நான் எதிரே போய் இருந்தேன்.

"மாமி, மாட்டைப் பாத்தன்."

சுளகு நிற்கவில்லை. "ம்" என்றா.

"உங்கட குடி ஆக்கள் கடற்கரைப் பக்கம் இருந்தாங்களா?"

"இருந்தாங்க. நிறையக் குடும்பம். ஒருத்தரும் மிஞ்சல்ல."

அவ்வளவுதான். ஒரு பெயர் சொல்லுவா, ஒரு வீடு சொல்லுவா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு தாய் கிடைத்துவிடுவா. கிடைத்தால் சசி எனக்கு என்ன முறை?

"மாமி, மாடு ஆம்புளையள்ரதானே. அது என்ட அப்பாட மாடா இருக்கலாம். அப்பா செம்பகநாச்சி, அம்மா வேற குடி. அப்பிடியெண்டா நானும் வேற குடிதானே?" பரீட்சையில் எழுதிய மாதிரியே தெளிவாகச் சொன்னேன். நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தது.

"இருக்கலாம்" என்றா மாமி. "அம்மாட அண்ணன்ட மாடாவும் இருக்கலாம். ஆரிட்டக் கேக்க? கடலிட்டயா?"

பிறகு சுளகைக் கீழே வைத்தா. "கலியாணத்துக்கு முதல் நானும் யோசிச்சனான், புள்ள. தெரியாத குடி எண்டா வேற குடிதான் எண்டு வைச்சிட்டன். எங்கட குடியாவும் இருக்கலாமெண்டு புத்தியில வரல்ல. பிழை என்னிலதான். ஆனா இது வெளியில போனா ஊர் இருக்கலாம் எண்டு சொல்லாது. இதுதான் எண்டு சொல்லும். என்ட பொட்டைட கலியாணம் நிக்கும். உன்ட புள்ளைய விரல் நீட்டிக் காட்டுவாங்க. சசி அங்க தனிய இருக்கான், அவன்ட காதுக்கும் போகும். இனி அதைக் கீறாதே."

தலையாட்டினேன்.

அது அப்பாவின் மாடாக இருக்கவேண்டும், சசிக்காக, ஆதிரைக்காக. அதற்காக அம்மனுக்கு நேர்ந்துகொள்ளலாம் என்று எழுந்து போனேன். விளக்குக்கு முன்னால் நின்றபோது என்ன கேட்பதென்று வாய் வரவில்லை. அது அப்பாவின் மாடென்றால் என் அம்மா மறுபடியும் எங்கேயும் இல்லை.

இன்று பக்கத்தின் அடியில் கீறவில்லை.

மே 30, வெள்ளி

தெய்வானை மாமியைப் பற்றி இதுவரை எழுதவில்லை. இறந்துபோன மாமாவின், அதாவது சசியின் அப்பாவின், தங்கை. வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறா. பிள்ளைகள் இல்லை. எருமைத் தயிர் விற்கிறா. பெரிய உடம்பு, பெரிய குரல். மாமா செத்தபோது, பிரேதத்தைத் தன் தாய் வீட்டு முற்றத்தில் இருந்துதான் எடுக்கவேண்டும், அவர் தங்கள் வேலாப்போடி குடி ஆண்பிள்ளை என்று தெய்வானை மாமி பிடிவாதமாக நின்றாவாம். மாமி விடவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. தயிர் கூட மாமி கடையில்தான் வாங்குவா.

நேற்று மாமி தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வேலியைச் சுற்றி அந்த வீட்டுக்குப் போனதைக் கண்டேன்.

இன்று காலை வேலிக்கு மேலே ஒரு தலை.

"இஞ்ச வா, கிளி. உன்ட மாமியார் வந்து, வளந்த பொட்டை ஒண்டு கிடக்கு, கையில ஒரு குஞ்சும் இருக்கு, மகளா எடுக்கிறியா எண்டு கேக்காள். எருமைக் கண்டுக்குட்டி விக்கிற மாதிரி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பல்லப் பாத்துத்தான் சொல்லணும் எண்டன்." சிரித்தபோது வேலி ஆடியது. "ஏன் இப்ப, என்னத்துக்கு எண்டு கேட்டன். ஆதிரைக்குக் குடி வேணும் எண்டாள். வேற காரணம் ஒண்டு இருக்கு. உன்ட மாமியார் நேசம்மா என்னட்ட வந்து கையைப் புடிச்சாள் எண்டா சின்னக் காரணமா இருக்காது. நான் கேக்கல்ல. நீயும் சொல்லாதே."

கணக்கு எனக்குப் புரிந்தது. தெய்வானை மாமியின் மகளானால் நானும் ஆதிரையும் வேலாப்போடி குடி. சசிக்கு நான் மாமி மகள், அப்பாவின் தங்கை மகள், கட்டவேண்டிய முறைப்பெண். ஆவணிக்குப் பிறகு போக ஒரு தாய் வீடும் உண்டு. ஒரு அம்புக்குறி மாற்றிப் போட்டால் எல்லாம் நேராகிவிடுகிறது.

மாமி இதை எனக்காகச் செய்தாவா, தன் மகளின் கலியாணத்துக்காகச் செய்தாவா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்தச் சட்டையைப் பிரித்த கையை நினைத்தால் ஒரு பதிலும், அவ மகள் என்று கூப்பிட்டதை நினைத்தால் வேறொரு பதிலும் வருகிறது.

ஜூன் 2, திங்கள்

தெய்வானை மாமி தன் கையால் எனக்குத் தயிரும் சோறும் ஊட்டினா. மாமியும் தனுஷியாவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபத்தைந்து வயதில் வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. "ஆரும் சாட்சி கேட்டா, திண்ட சோறு சாட்சி" என்றா. தனுஷியா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு விக்கல் வந்தது. அழுகை இல்லை, விக்கல்தான்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மன் சடங்கு.

பொங்கல் இறக்கியதும் கோயில் வாசலில் நின்று ஒருவர் குடிப் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்ட குடியின் பெண்கள் பிள்ளைகளோடு முன்னால் போய்ப் பங்கு வாங்கவேண்டும். போன வருசம் நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தூரத்தில், பொரிகடலை விற்கிறவர் பக்கத்தில் நின்றேன். இந்த வருசம் தெய்வானை மாமியின் பக்கத்தில், புதுச் சேலை, இடுப்பில் ஆதிரை, வெள்ளைச் சட்டை.

முதலில் கூப்பிட்டது, "செம்பகநாச்சி குடி!"

மாமி எழுந்தா. தனுஷியா எழுந்தாள். இன்னும் எத்தனையோ பெண்கள், கிழவிகள், கைக்குழந்தைகள். குரவை போட்டார்கள். அந்தக் குரவை ஒலி மேலே எழுந்து திரும்பிய இடத்தில் என் கால் ஒரு அடி முன்னால் போய்விட்டது. நான் எடுத்து வைக்கவில்லை. கால்தான் போனது.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. தயிர் கடைகிற கை, இரும்பு மாதிரி.

"நில்லு. இது நம்மட இல்ல" என்றா தெய்வானை மாமி. என் முகத்தைப் பார்த்தா. அப்போதுதான் அவவுக்கு எல்லாம் விளங்கியிருக்கவேண்டும். கண் ஒரு தரம் மூடித் திறந்தது. பிடியை விடவில்லை, இன்னும் இறுக்கினா. "நில்லு, மனே" என்று மறுபடியும், பெற்ற மகளைக் கூப்பிடுகிற மாதிரிக் காதோடு.

பங்கு வாங்கிக்கொண்டு திரும்பிய மாமி எங்களைக் கடந்து போனா. என்னைப் பார்க்கவில்லை. ஆதிரையின் காலை மட்டும், யாரும் காணாத மாதிரி, ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனா.

"வேலாப்போடி குடி!"

போனோம். கூப்பிடுகிறவர் என்னைக் கண்டு, "இது ஆரு?" என்றார்.

"என்ட மகள். அது பேத்தி."

"நீ எப்ப பெத்த?"

"உன்னட்டச் சொல்லிப்போட்டா பெறணும்?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டு ஆதிரையின் கையில் ஒரு பிடி பொங்கலை வைத்தார். அவள் அதை அப்படியே சட்டையில் பூசிக்கொண்டாள். கிணற்றடியில் கேள்வி கேட்ட அதே பெண் எட்டிப் பார்த்து, "அப்ப வேலாப்போடி குடி எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, புள்ள" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

சசி சந்தோசத்தில் கத்துகிறார். "நான் மாமி மகளை முடிச்சவன் எண்டு எல்லாரிட்டயும் சொல்லிட்டன்!" அறையில் கூட இருக்கிறவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தாராம். பிறகு, "உன்ட படகைப் புள்ளைட சட்டையில தைக்கிறன் எண்டியே, படம் அனுப்பு" என்றார்.

"சாயம் போயிட்டு" என்றேன்.

"வேற நூலால தை."

"ம்" என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டோம். அம்மாவின் வீடு. அப்படித்தான் சொல்லிப் பழகவேண்டும். அம்மா விடிய முதல் எழும்பித் தயிர்ச் சட்டிகளோடு போய்விடுகிறா. வரும்வரை நானும் பிள்ளையும்தான். வேலிக்கு அப்பால் மாமி முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்கும். முன்பு ஒரே முற்றத்தில் இருந்தபோது கதைத்த அளவு இப்போது கதைப்பதில்லை. நேற்று வேலி இடுக்கால் ஒரு கிண்ணத்தில் மீன் கறி வந்தது. கிண்ணத்தைக் கழுவி, தயிர் ஊற்றித் திருப்பிக் கொடுத்தேன்.

பட்டி மாடுகள் பின்னேரம் இந்த வழியால்தான் போகின்றன. அந்த நேரம் நான் உள்ளே வேலை வைத்துக்கொள்கிறேன்.

இன்று பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு வாசலில் தூக்கிப் பிடித்தேன். வெயில் அவளுக்குப் பின்னால் இருந்தது. சட்டையின் விளிம்பு அவள் உடம்பை விட்டு விலகி நின்றபோது, நெஞ்சுப் பக்கத்தில் ஊசி போன துளைகளால் வெளிச்சம் வந்தது. ஒரு வளைவு. இரண்டு புள்ளி. சரிவாக ஒரு கோடு. மாமியால் நூலைத்தான் எடுக்க முடிந்திருக்கிறது.

அம்மாவிடம் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன், துணியில் ஊசித் துளை விழுந்தால் அப்படியே இருக்குமா என்று. "ரெண்டு மூண்டு தரம் தோய்ச்சா இழை சேந்து அடைபட்டுப் போகும், மனே" என்றா.

கோயில் பொங்கல் கறை இன்னும் சட்டையில் இருக்கிறது. நான் தோய்க்கவில்லை.